ஏசி கேஸ், மரக்கன்று, மண்பானை: காலநிலைப் பேச்சில் நாம் சறுக்குகிற இடங்கள்

ஏப்ரல் பிறந்தால் எங்கள் தெரு ஏசி மெக்கானிக்குக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. "கேஸ் கொறஞ்சிருக்கு சார், ஃபில் பண்ணிடலாம்" என்பார். மூன்று கோடை தொடர்ந்து நானும் பணத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஏசி என்ன, கேஸை எரித்துத் தீர்க்கிற அடுப்பா? குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிற வாயு அது. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

காசு போவது ஒரு பக்கம். புதிய ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர்-32 வாயு, 100 ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிடச் சுமார் 675 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். பழைய ஏசியில் இருக்கும் ஆர்-22 சுமார் 1,800 மடங்கு. அதில் ஒரு கிலோ கசிந்தால், கிட்டத்தட்ட 780 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். "ஓசோனுக்குப் பாதுகாப்பானது" என்ற ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, ஆர்-32 கசிந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்கள் உண்டு. ஓசோனைக் கெடுக்காது, சரி. பூமியைச் சூடாக்கும்.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டை வழியாக வெயில் கூடுதலாக இறங்குவதால்தான் பூமி சூடாகிறது என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓசோன் தடுப்பது சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிரை. புவி வெப்பமாதல் வேறு கதை: தரையிலிருந்து வானுக்குத் திரும்ப வேண்டிய அகச்சிவப்புக் கதிரை, கரியமில வாயு, மீத்தேன் போன்றவை வழிமறித்துவிடுகின்றன. முதலாவது வரவுச் சிக்கல், இரண்டாவது செலவுச் சிக்கல்.

ஆனாலும் குழம்புகிறவர்களை முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை. பழைய ஃபிரிட்ஜ் வாயுக்களான சிஎஃப்சி இரண்டு குற்றத்தையும் செய்தன. ஓசோனைக் கெடுப்பதோடு அவை பூமியையும் சூடாக்கும் என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன். இளம் வயதில் செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதன நிறுவனத்தில் சேர்ந்தபோது, அந்த வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. பிறகு அமெரிக்கா போய், 1975-இல், சிஎஃப்சியின் ஒரு மூலக்கூறு கரியமில வாயு மூலக்கூறைவிடச் சுமார் 10,000 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார். நம்ம மெக்கானிக் பார்க்காமல் விட்ட கசிவை அவர் உலக அளவில் பார்த்தார். சிஎஃப்சியைக் கட்டுப்படுத்த 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஆர்-32 வகை வாயுக்களைக் குறைக்க 2016-இல் கிகாலியில் அதே ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள்.

"எல்லாம் சூரியன் செய்கிற வேலை, மனிதன் என்ன செய்வான்" என்பாருக்குச் சுருக்கமான பதில் இருக்கிறது. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடேற வேண்டும். அளந்து பார்த்தால் கீழடுக்கு சூடாகிறது, மேலே உள்ள அடுக்குமண்டலம் குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று விஞ்ஞானி சியுகுரோ மனாபே 1967-லேயே கணக்குப் போட்டிருந்தார். 2021-இல் நோபல் வாங்கியவர் அவர்.

மரக்கன்று விஷயத்துக்கு வருவோம். கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு கன்று, பிறந்தநாளுக்குக் கன்று, கட்சி மாநாட்டுக்கு லட்சம் கன்று. நல்லதுதான், நிழல் கிடைக்கும். ஆனால் பெட்ரோல் கணக்கை அதில் நேர் செய்துவிட்டதாக நினைத்தால் தவறு. ஒரு லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட முக்கால் கிலோதான். எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். பெட்ரோலில் இருக்கும் கரி (கார்பன்), காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால் எடை கூடிவிடுகிறது. காய்ந்த மரத்தில் பாதி எடை கரி என்று வைத்தால், அந்த ஒரு லிட்டரை ஈடுகட்ட ஒன்றேகால் கிலோ மரம் புதிதாக வளர வேண்டும். ஸ்கூட்டருக்குத் தினம் அரை லிட்டர் போடுகிறவர் ஆண்டுக்குச் சுமார் 225 கிலோ மரம் வளர்த்தாக வேண்டும். அதுவும் காய்ந்த எடையில், வெட்டாமல், எரியாமல், மட்காமல். நட்ட கன்றில் எத்தனை அடுத்த கோடையைத் தாண்டியது என்று யாரும் திரும்பிப் போய் எண்ணுவதில்லை.

எந்த இடத்தில் எந்த மரம் என்று பார்க்காமல் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரி இருக்கிறது. மலை உச்சிப் புல்வெளியை வெள்ளைக்காரர்கள் வெற்று நிலம் என்று கருதினார்கள். சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. அந்தப் புல்லோ மழையைப் பிடித்து ஓடைகளுக்கு மெல்ல விடுகிற பஞ்சு. கரியையும் மண்ணுக்கடியில் சேமித்து வைத்திருந்தது. இன்று அதே சீகையைப் பிடுங்கப் பாடுபடுகிறார்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: எதற்கெடுத்தாலும் காலநிலை மாற்றத்தின் தலையில் பழியைப் போடுவது. சென்னை வெள்ளத்தில் மூழ்கிய 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழையை ஆராய்ந்த பன்னாட்டு விஞ்ஞானிகளால் அதில் புவி வெப்பமாதலின் கையைத் தெளிவாகக் காட்ட முடியவில்லை. அதற்காக இனிக் கவலை இல்லை என்று ஆகாது. ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது பொதுவான இயற்பியல். ஆனால் ஏரிக்குள் மனை போட்டது, பள்ளிக்கரணைச் சதுப்பைக் குப்பைமேடாக்கியது, செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்த விதம் ஆகியவற்றுக்கெல்லாம் கரியமில வாயு பதில் சொல்லாது. "காலநிலை மாற்றம்" என்ற சொல் அதிகாரிகளுக்கு வசதியான குடையாகிவிடக் கூடாது.

கடைசியாக வெயில். தெர்மாமீட்டர் 40-ஐத் தொட்டால்தான் ஆபத்து என்ற நம்பிக்கை. மதுரையில் மே மாதம் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். அதே பானை சென்னையில் புழுக்கமான நாளில் பெயருக்குத்தான் குளிரும். காற்று ஏற்கெனவே ஈரமாக இருப்பதால் பானையின் மேல் கசியும் நீர் அவ்வளவாக ஆவியாவதில்லை. நம் உடம்பும் ஒரு பானைதான். வியர்வை ஆவியாகாமல் வழிந்தால் சூடு உள்ளேயே தங்கும். வெப்ப அலைக்கு வானிலைத் துறை வைத்திருக்கும் அளவுகோல் சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37. ஆக, 35 டிகிரிப் புழுக்கத்தில் சென்டரிங் பலகை மேல் கம்பி கட்டுகிறவர் மயங்கி விழுந்தாலும், கணக்கில் அன்றைக்கு வெப்ப அலை இல்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல தொடக்கம். நீங்கள் வீட்டு மாடி கட்டிக்கொண்டிருந்தால், போனில் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் பாருங்கள். வேலையைக் காலை 6 மணிக்கே தொடங்கச் சொல்லிவிட்டு, நண்பகல் மூன்று மணி நேரம் நிழலில் உட்கார விடுங்கள். அதற்குக் கூலியைப் பிடிக்காதீர்கள்.