ஸ்டேண்டப்பைப் பெரட்டாக்காமல் அஜைலுக்கு மாறுவது எப்படி

மென்பொருள் வேலையைச் சின்னத் துண்டுகளாகச் செய்து, அடிக்கடி காட்டித் திருத்திக்கொள்ளும் அஜைல் முறைக்கு மாறுகிறோம் என்று முடிவெடுத்த மறுநாளே பல டீம்கள் செய்வது, காலையில் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து "நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், என்ன தடங்கல்" என்று கேட்பதுதான். இந்தக் காலைக் கூட்டம்தான் ஸ்டேண்டப். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஆறு பேராக மென்பொருள் செய்யும் நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். நாலாம் நாளே எனக்குப் பெரட்டு ஞாபகம் வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, விடியக்காலையில் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்து, எந்த மலைக்குப் போகச் சொல்கிறார்களோ அந்த மலைக்குப் போவது. எங்கள் அம்மாமார் அப்படி நின்றவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் லீடரின் முகத்தைப் பார்த்து "எல்லாம் சரியாப் போகுது சேர்" என்று சொல்வதில் என்ன ஆச்சரியம்? அப்படிச் சொன்ன ஒரு தங்கச்சி, உண்மையில் ஓடிபி வராமல் மூன்று நாளாக லொகின் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் இருந்தவனுக்கு அது பத்து நிமிட வேலை.

அதனால் ஸ்டேண்டப்பைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதலில் சுவர்.

கையில் இருக்கும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கார்டில் எழுதி ஒட்டுங்கள். செய்யவேண்டியது, செய்வது, முடிந்தது என்று மூன்று பத்தி போதும். ஜீரா, ட்ரெல்லோ மாதிரி வேலைப் பட்டியல் போடும் மென்பொருள் எல்லாம் பிறகு பார்க்கலாம், கரண்ட் போனாலும் சுவர் அங்கேயே இருக்கும் (2022ல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே). ஒட்டிப் பார்த்தால் ஆறு பேருக்குப் பதினாலு வேலை 'செய்வது' பத்தியில் தொங்கும். எங்களுக்கு அப்படித்தான் தொங்கியது. ஒரே நேரத்தில் நாலு கார்டுக்கு மேல் அந்தப் பத்தியில் இருக்கக்கூடாது என்று கோடு போட்டோம். ஒன்று முடிந்தால்தான் அடுத்ததை எடுக்கலாம், கை காலியாக இருப்பவர் புதிதாக ஒன்றைத் தொடங்காமல் மாட்டிக்கொண்டவருக்கு உதவவேண்டும். டொயோட்டா தொழிற்சாலையிலிருந்து வந்த கன்பான் முறையின் உயிர் இந்தக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. முதல் வாரம் எல்லாரும் முணுமுணுப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

'முடிந்தது' என்றால் என்ன என்பதையும் எல்லாரும் சேர்ந்து எழுதி அந்தப் பத்திக்கு மேலேயே ஒட்டிவிடுங்கள். இன்னொருவர் புரோகிராம் கோடைப் பார்த்திருக்கவேண்டும், உண்மையான போனில் ஓடவேண்டும், சிக்னல் இல்லாமலும் ஓடவேண்டும். எங்களுடையது இவ்வளவுதான்.

அடுத்தது வேலையை வெட்டுவது. எனக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. கொழுந்து நிறையைப் பதிவு செய்து சம்பளம் போடும் ஒரு செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். "முதல் மாதம் டேட்டாபேஸ், அடுத்த மாதம் திரைகள், மூன்றாம் மாதம் ரிப்போர்ட்" என்று பிரித்தால் மூன்று மாதத்துக்கு யாருக்கும் எதுவும் கையில் கிடைக்காது. நெட்டுக்குத்தாக வெட்டுங்கள்: ஒரு தொழிலாளியின் பேர், ஒரு தடவை நிறுத்த கிலோ, சிக்னல் இல்லாத மலையிலும் சேமிப்பது, சாயந்தரம் மொத்தம் காட்டுவது. அவ்வளவுதான் முதல் ஸ்பிரின்ட், அதாவது ஒரு துண்டு வேலையை முடித்துக் காட்ட ஒதுக்கும் குறுகிய காலம். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழிப்பது, முற்பணம், பேஸ்லிப் எல்லாம் அப்புறம் வரட்டும்.

ஸ்பிரின்ட் ஒரு மாதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் வழிகாட்டி, புது டீமுக்கு இரண்டு வாரம் போதும். ஒரு வாரம் பத்து நாளில் திரும்பிப் பறிக்கவேண்டிய மலையை விட்டுவைத்தால் இலை முத்திப்போகும் இல்லையா, காட்டாமல் வைத்திருக்கும் புரோகிராம் கோடும் அப்படித்தான். எவ்வளவு வேலை எடுப்பது என்பதைப் போன இரண்டு ஸ்பிரின்டில் உண்மையில் முடித்ததை வைத்துக் கணக்குப் போடுங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் அதிலும் கொஞ்சம் குறையுங்கள், பாதை அடைபட்டு ஆள் வரமுடியாத நாள் கட்டாயம் வரும்.

ஸ்பிரின்ட் முடிவில் டெமோவைப் பாவிக்கப்போகிறவருக்கே காட்டுங்கள், அவர் கையிலேயே போனைக் கொடுங்கள். நாங்கள் காட்டிய அன்று மலையில் தூறல். கணக்கப்பிள்ளை அண்ணனின் ஈர விரலுக்குத் திரை அசையவே இல்லை, சின்னப் பொத்தானை நாலு தரம் அமுக்கிவிட்டுப் பேசாமல் கொப்பியை எடுத்தார். அடுத்த ஸ்பிரின்டின் முதல் கார்டு அந்தப் பொத்தான்தான்.

இப்போது ஸ்டேண்டப்பைத் தொடங்கலாம். 2001 பெப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் பிரகடனத்தின் நாலு விழுமியங்களில் முதலாவதே, செயல்முறைகளையும் கருவிகளையும் விட மனிதர்களும் அவர்களுக்குள் நடக்கும் பேச்சும் பெரிது என்பதுதான். அந்த மூன்று கேள்விகளை ஸ்க்ரம் வழிகாட்டியே 2020 பதிப்பில் எடுத்துவிட்டது. எனவே ஆட்களை வரிசையாகக் கேட்காமல், சுவரின் முன் நின்று முடியும் தறுவாயில் இருக்கும் கார்டிலிருந்து பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு கார்டிலும் "இது நகராமல் தடுப்பது என்ன?" என்று மட்டும் கேளுங்கள். பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். லீடர் ஓரமாக நிற்கட்டும், கடைசியாகப் பேசட்டும், அவரை 'சேர்' என்று கூப்பிடுவதை விட்டு 'அண்ணா', 'அக்கா' என்று கூப்பிட்டாலே பாதி இறுக்கம் குறைகிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஸ்பிரின்ட் முடிந்ததும் எப்படி வேலை செய்தோம் என்று பேசும் ரெட்ரோவில் மூத்தவர்கள் முன்னால் சின்னவர்கள் வாய் திறக்கமாட்டார்கள், அது நம் வளர்ப்பு. துண்டுச் சீட்டில் பேர் போடாமல் எழுதவைத்துக் குலுக்கி, வேறொருவரை வாசிக்கச் சொல்லுங்கள். வரும் குறைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் ஒரு கார்டில் எழுதி, பொறுப்பாளரின் பேரோடு மற்ற வேலைகளுக்குப் பக்கத்தில் அன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.