அகில இந்திய ஷீட்டில் தவறாமல் நடக்கும் தவறுகள்

பெங்களூரில் விற்பனைத் திட்டம், சரக்கு ஒதுக்கீடு, சர்வே என்று ஏதாவது ஒரு வேலையில் சேரும் நம் பிள்ளைகளுக்கு முதல் மாதமே ஒரு எக்செல் ஷீட் கைக்கு வந்துவிடும். இடப்பக்கம் மாநிலங்களின் பெயர், மேலே மாதங்கள், நடுவே நிரப்ப வேண்டிய எண்கள். எலெக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு எங்கே பார்த்தாலும் ஒவ்வொரு புதுத் தொகுதியும் முந்தைய தொகுதி தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் விழுகிறது. வடக்கே கோதுமை, தெற்கே அரிசி என்பதையெல்லாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். பணத்தை விழுங்குகிறவற்றை மட்டும் பார்ப்போம்.

மாநிலத்தை ஒரே வரியில் அடைப்பது

எல்லாவற்றிலும் செலவு அதிகமானது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் திரும்ப வருவதால் எரிச்சலும் அதிகம்.

'மகாராஷ்டிரம்: 4,000 யூனிட்' என்று ஒரு வரி. பொருள் சொட்டுநீர்க் குழாய் என்று வைத்துக்கொள்வோம். ஷீட் போட்டவர் அதை மாவட்ட எண்ணிக்கையால் வகுத்து டிப்போக்களுக்கு அனுப்பிவிடுவார். கொங்கணக் கரையோரத்து ரத்னகிரியில் ஆண்டுக்கு 2,500 மி.மீ.க்கு மேல் மழை. நெல்லும் மாந்தோப்பும் சிறு துண்டு நிலங்களும். பல வீடுகளில் செலவுக்குப் பணம் மும்பையிலிருந்து வருகிறது. அங்கே குழாய்ச் சுருள் மழையில் நனைந்தபடி கிடக்கும். ஜால்னா, லாத்தூர் இருக்கும் மராட்வாடாவில் பருத்தியும் சோயாவும். மழை கொங்கணத்தில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஜால்னா, லாத்தூர் டீலர்கள் சரக்கு கேட்டு நச்சரிப்பார்கள். கடைசியில் ரத்னகிரியிலிருந்து லாத்தூருக்கு லாரி பிடித்து, ஒரே சரக்குக்கு இரண்டு தடவை வாடகை கட்டுவீர்கள். அது போய்ச் சேர்வதற்குள் சீசன் முடிந்திருக்கும்.

2016 ஏப்ரலில் லாத்தூருக்குக் குடிநீர் ரயிலில் போனது நினைவிருக்கலாம். அந்த ரயில் புறப்பட்ட மிரஜ், சாங்லி மாவட்டத்தில் கிருஷ்ணா ஆற்றங்கரையில், கரும்பு விளையும் பகுதியில் இருக்கிறது. இரண்டு ஊரும் ஒரே மாநிலம். ஷீட்டிலும் ஒரே வரி.

வெளியூர் எதற்கு, இருக்கிற ஊரையே பாருங்கள். கர்நாடகத்தின் சராசரி மழை 1,100 மி.மீ.க்குச் சற்று மேல். ஆகும்பேயில் 7,000 மி.மீ. தாண்டும், சித்ரதுர்கா மாவட்டத்தின் சள்ளகெரெ பக்கம் 500ஐத் தொடுவதே சிரமம். சராசரி சொல்லும் அளவுக்கு மழை பெய்யும் ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சாப்பாடும் அப்படியே: கரையோரம் புழுங்கலரிசி, மைசூர் பக்கம் ராகி முத்தே, வடக்கே சோள ரொட்டி.

இந்த வேறுபாட்டுக்கு மழை மட்டும் காரணமில்லை. 1956 நவம்பர் 1க்கு முன் இந்தப் பகுதிகள் வெவ்வேறு ஆட்சிகளில் இருந்தன. பீதர், கலபுரகி, ராய்ச்சூர் ஆகியவை நிஜாமிடம் இருந்தன. பெளகாவி, தார்வாட் பம்பாய் மாகாணத்தில். தட்சிண கன்னடம் சென்னை மாகாணத்தில். கொள்ளேகால் நம் கோயம்புத்தூர் மாவட்டத்திலேயே இருந்தது. மைசூர் சமஸ்தானம் அணையும் ஆலையும் கல்லூரியும் கட்டிய காலத்தில் கலபுரகிக்கு அந்த வாய்ப்பு இல்லை. கரையோரமோ கனரா, கார்ப்பரேஷன், சிண்டிகேட், விஜயா என்று நான்கு வங்கிகளைத் தொடங்கியது. இந்த வரலாறு இன்றும் டீலர் கடன் கேட்கும் விதத்தில் தெரிகிறது. நிஜாமிடம் இருந்த பகுதியான கல்யாண கர்நாடகத்துக்கென்றே 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் அரசியல் சட்டத்தில் 371ஜே பிரிவு சேர்க்கப்பட்டது. சட்டமே பிரித்துப் பார்ப்பதை ஷீட் பிரிக்காமல் விட்டால் எப்படி?

சரி, மாவட்டமாகப் பிரித்துவிட்டால் போதுமா? அதுவும் எப்போதும் போதாது. 2002இல் அறிக்கை தந்த நஞ்சுண்டப்பா குழு கர்நாடகத்தை 175 தாலூகாக்களாகத்தான் அலசியது. 114 பின்தங்கியவை, அவற்றில் மிகவும் பின்தங்கியவை 39. அந்த 39இல் 26 வடக்கே, 13 தெற்கே. 'வட கர்நாடகம் ஏழை, தெற்கு பணக்காரன்' என்று இரண்டே கட்டமாக வெட்டியிருந்தால் அந்த 13 கண்ணிலேயே பட்டிருக்காது.

இதில் உறுத்துவது என்னவென்றால், இதைச் செய்கிறவர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் பஸ் ஏறும் நம் ஆட்கள்தான். கொங்கு வேறு, டெல்டா வேறு, தென்மாவட்டம் வேறு என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு பட்டுப்புடவைக் கடை ஈரோட்டில் எப்போது நிரம்பும், தஞ்சாவூரில் எப்போது நிரம்பும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களே பீகார் என்றதும் ஒரே எண்ணைத் தட்டிவிடுகிறார்கள். கங்கைக்கு வடக்கே கோசியும் கண்டகும் வெள்ளம் கொண்டுவரும். மிதிலைப் பக்கம் குளமும் மீனும் மக்கானா என்ற நீர்த்தாவர விதையும். தெற்கே கயா பக்கம் வறட்சிதான் பயம். உத்தரப் பிரதேசத்தில் மீரட், முசாபர்நகர் கரும்புப் பணத்தையும் பாந்தா, மஹோபா வறட்சியையும் ஒரே கட்டத்தில் கலப்பது, தஞ்சாவூரையும் ராமநாதபுரத்தையும் கூட்டி இரண்டால் வகுப்பது மாதிரி.

செய்ய வேண்டிய முறை இது. முதலில் பெருநகரத்தை மாநிலத்திலிருந்து உருவி எடுங்கள். கர்நாடகத்தில் பெங்களூரு நகர மாவட்டம், மகாராஷ்டிரத்தில் மும்பை–தானே–புணே, தெலங்கானாவில் ஹைதராபாத்தும் அதை ஒட்டிய ரங்காரெட்டியும் மேட்சலும், உத்தரப் பிரதேசத்தில் நொய்டா–காசியாபாத். பெங்களூரு நகர மாவட்டம் மட்டுமே கர்நாடகத்தின் உற்பத்தி மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதை எடுத்தபின் மிச்சமிருப்பதுதான் நீங்கள் 'கர்நாடகம்' என்று நினைத்துக்கொண்டிருக்கும் சந்தை.

அடுத்து, மிச்சத்தை வேளாண் காலநிலை மண்டலப்படி பிரியுங்கள். கர்நாடகத்துக்கு 10, தமிழ்நாட்டுக்கு 7. பட்டியல் வேளாண் பல்கலைக்கழகங்களிடம் இருக்கிறது, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். அதற்குள் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: கால்வாயா, போர்வெல்லா, ஆலையா, வெளியூர்ப் பணமா. இரண்டு மண்டலத்துக்கும் ஒரே விடை வந்தால் சேர்த்துவிடலாம்.

கடைசியாக மாநில எல்லையைத் தாண்டி ஒட்டுங்கள். இந்தப் படியைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். பீதரும் லாத்தூரும் அடுத்தடுத்து இருப்பவை, பயிரும் ஏறக்குறைய ஒன்று. புந்தேல்கண்ட் உத்தரப் பிரதேசத்தில் ஏழு மாவட்டம், மத்தியப் பிரதேசத்தில் மிச்சம். வறட்சிக்கு எல்லைக் கல் தெரியாது. ஓசூரை கிருஷ்ணகிரி டிப்போவில் வைத்துக்கொண்டு பெங்களூர் விலையில் விற்க முடியாமல் திணறும் ஷீட்டுகள் ஏராளம்.

எத்தனை கட்டம் வரும்? தேசிய மாதிரி ஆய்வு நாட்டை 88 மண்டலமாகப் பிரிக்கிறது. சிறிய குழுவுக்கு அது அதிகம். நாக்பூர் மண்வள ஆய்வு நிறுவனத்தின் 20 வேளாண் சூழல் மண்டலங்களோடு ஐந்தாறு பெருநகரங்களைச் சேர்த்தால் போதும். 36 மாநிலமும் யூனியன் பிரதேசமும் கொண்ட பழைய ஷீட்டைவிட வரிகளும் குறையும்.

மாநில வருமானத்தை வீட்டு வருமானம் என்று படிப்பது

தலா வருமானத்தில் கர்நாடகம் கேரளத்தைவிட மேலே. அதை நம்பி விலையுயர்ந்த பொருளை ஹாவேரிக்கும் கொப்பளுக்கும் அனுப்பினால் திரும்பி வரும். 2022–23 வீட்டுச் செலவு ஆய்வில் கிராமத்தில் ஓர் ஆள் மாதச் செலவு கர்நாடகத்தில் சுமார் 4,400 ரூபாய். கேரளத்தில் சுமார் 5,900. காரணம் எளிது. பெங்களூர் மென்பொருள் வருவாய் மாநிலக் கணக்கில் ஏறும், ஆனால் கொப்பள் மளிகைக் கடைக்கு வராது. வளைகுடாவிலிருந்து வரும் பணம் கேரளத்தின் உற்பத்திக் கணக்கில் ஏறாது. மலப்புறம் கடைக்கு நேரே வந்துவிடும். ஆகவே விற்பனைக்கு வருமானப் புள்ளிவிவரத்தைப் பார்க்காமல் செலவுப் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். கிராமம், நகரம் இரண்டையும் தனித்தனியாக எடுங்கள். கூட்டிய சராசரி எதற்கும் உதவாது.

ஒரே நாட்காட்டி

'பண்டிகை சீசன்: அக்டோபர்–நவம்பர்' என்று எழுதுவதோடு முடித்துவிடுகிறார்கள். கேரளம் ஓணத்தோடு பாதி வாங்கி முடித்திருக்கும். வங்காளத்துக்கு துர்கா பூஜைதான் பெரிது. தீபாவளியை நம்பி அனுப்பிய சரக்கு அங்கே பிந்திய சரக்கு. அஸ்ஸாமுக்கு ஏப்ரல் பிஹு.

நவராத்திரிக்கு முந்தைய பித்ரு பட்சம் பதினைந்து நாளும் இந்தி மாநிலங்களிலும் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் பலர் புதுப் பொருள் வாங்க மாட்டார்கள். அதே இரண்டு வாரம் கொல்கத்தாவில் பூஜைத் துணிக்குக் கூட்டம் நெரியும். ஒரே விளம்பரத் தேதி இரண்டுக்கும் பொருந்தாது.

பலர் அசைவம் தொடாத சிராவண மாதம் இன்னொரு பொறி. வடக்கே மாதம் பௌர்ணமியோடு முடியும்; கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத்தில் அமாவாசையோடு முடியும். அதனால் 2025இல் வடக்கே சிராவணம் ஜூலை 11இலேயே தொடங்கியது, இங்கே ஜூலை 25இல். கோழி, முட்டை, மீன் சம்பந்தப்பட்ட எந்தத் திட்டமும் இந்த இரண்டு வாரத்தைக் கவனிக்காவிட்டால் கெட்டுப்போகும். நமக்கோ சூரிய மாதம். ஆடித் தள்ளுபடி இவை இரண்டோடும் ஒட்டாது.

குஜராத்தில் தீபாவளிக்குப் பின் லாப பஞ்சமி வரை பல மொத்தக் கடைகள் திறக்காது. அந்த வாரம் ஆர்டர் எதிர்பார்க்காதீர்கள். தீபாவளி கழிந்து ஆறாம் நாள் சட் பூஜை. பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். பெங்களூர்க் கட்டடங்களும் கிடங்குகளும் ஆளில்லாமல் நிற்கும். ஏற்றி இறக்கும் வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மழைக்கும் இதே கதை. தென்மேற்குப் பருவம் கேரளத்துக்கு ஜூன் 1, மும்பைக்கு 11, டெல்லிக்கு 27 என்பது வானிலைத் துறையின் வழக்கமான தேதி. தமிழ்நாட்டுக்குப் பெரும் மழை அக்டோபரில்தான் தொடங்கும். 'மழைக்காலத் தள்ளுபடி ஜூலையில்' என்று சென்னைக்கும் சேர்த்து எழுதிய ஷீட்டை அதிகாரி பார்க்கும் முன் நீங்களே திருத்திவிடுங்கள்.

கிலோமீட்டரை மணியாக மாற்றுவது

பெங்களூரிலிருந்து சென்னையும் சுமார் 350 கி.மீ., மங்களூரும் சுமார் 350 கி.மீ. ஜூலையில் இரண்டும் ஒன்றல்ல. ஷிராடி மலைப்பாதையில் மண் சரிந்தால் லாரி ஹாசன் பக்கமே நிற்கும்; ஜூன் முதல் செப்டம்பர் வரை மங்களூர் சரக்குக்கு ஒரு நாள் கூடுதலாகப் போடுங்கள். லே போகும் பாதைகள் பனியில் மூடும். குளிர்காலச் சரக்கு அக்டோபருக்குள் மேலே ஏறியிருக்க வேண்டும். வடகிழக்குக்குப் போகும் அத்தனை லாரியும் ரயிலும் சிலிகுரி அருகே இருபது சொச்சம் கி.மீ. அகலமுள்ள இடுக்கில்தான் நுழைய வேண்டும்; அங்கே அடைத்தால் மாற்று வழி கிடையாது.

அருணாச்சலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர்

ஆள் அனுப்பும் முன் உள் எல்லை அனுமதிச் சீட்டு. இந்தியக் குடிமகனுக்கும் வேண்டும்.

ஒரே கடிகாரம்

அஸ்ஸாமின் திப்ருகரில் டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். டீலர் சந்திப்பைக் காலையில் வையுங்கள்.

'இந்தி மாநிலங்களுக்கு ஒரு விளம்பரம்'

2011 கணக்கெடுப்பில் இந்தி பேசுவோர் சுமார் 52.8 கோடி என்று வருவதில் போஜ்புரிக்காரர்கள் 5 கோடி, ராஜஸ்தானி 2.5 கோடிக்கு மேல் அடக்கம். மைதிலி தனிக் கணக்கு. அச்சிட்ட நோட்டீஸுக்கு இந்தி போதும். காதால் கேட்கும் விளம்பரத்தைப் போஜ்புரி பேசும் சப்ராவிலும் ராஜஸ்தானின் ஜோத்பூரிலும் ஒரே குரலில் ஒலிபரப்பாதீர்கள்.

வடக்கும் தெற்கும் என்று சைவத்தைப் பிரிப்பது

2014 மாதிரிப் பதிவு ஆய்வில் ராஜஸ்தானில் சைவம் நான்கில் மூன்று பங்கு. மேற்கு வங்கத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. கோடு கிழிக்க வேண்டியது மேற்குக்கும் கிழக்குக்கும் நடுவே.

மாவட்டப் பெயரை வைத்து இரண்டு பட்டியலை இணைப்பது

மக்கள்தொகைக்கு 2011 பட்டியலை எடுப்பீர்கள், அதில் 640 மாவட்டம். டீலர் பட்டியல் இன்றையது. தெலங்கானா 10இலிருந்து 33 ஆகிவிட்டது, ஆந்திரம் 2022இல் 13இலிருந்து 26, பல்லாரியிலிருந்து விஜயநகரம் 2021இல் பிரிந்தது. பெயர்களும் மாறின: குல்பர்கா கலபுரகி ஆனது, அலகாபாத் பிரயாக்ராஜ். இவற்றையாவது ஷீட் 'கிடைக்கவில்லை' என்று காட்டிக்கொடுக்கும். மோசமானது சத்தமில்லாமல் தப்பாக இணைவது. ஔரங்காபாத் பீகாரிலும் உண்டு, பழைய பட்டியலில் மகாராஷ்டிரத்திலும் உண்டு. ஹமீர்பூர் உத்தரப் பிரதேசத்திலும் இமாச்சலத்திலும். பிலாஸ்பூர் சத்தீஸ்கரிலும் இமாச்சலத்திலும். இமாச்சலத்தின் சிறிய மலை மாவட்டத்துக்கு சத்தீஸ்கரின் மக்கள்தொகை ஒட்டிக்கொள்ளும், டார்கெட்டும் அதற்கேற்ப ஏறும். அங்கிருக்கும் பிரதிநிதி வருஷம் முழுக்கத் திட்டு வாங்குவார்.

பெயரை விட்டுவிட்டு மத்திய அரசின் உள்ளாட்சிக் கோப்பகத்தில் உள்ள மாவட்டக் குறியீட்டு எண்ணால் இணையுங்கள். பக்கத்தில் '2011 தாய் மாவட்டம்' என்று ஒரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள். புது மாவட்டத்துக்கு மக்கள்தொகை வேண்டுமென்றால் தாய் மாவட்டத்தை இரண்டால் வகுக்காதீர்கள். தாலூகா எண்களை எடுத்து, எந்தத் தாலூகா எங்கே போனது என்று அரசாணையைப் பார்த்துக் கூட்டுங்கள். ஒரு மாநிலத்துக்கு அரை நாள் பிடிக்கும்.