200 மணி நேரமா, 1,500 மணி நேரமா? துணை விமானி ஆக நினைப்பவர்கள் கணக்கில் விடும் பிழைகள்

பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ விமானிப் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், அது மணிக்கணக்கில்தான் வந்து நிற்கும். “இருநூறு மணி நேரம் முடிச்சாச்சு, இனி ஏர்லைன்ஸ்ல எடுத்துக்கிடுவாங்கல்லா?” என்பார் ஒருவர். “அமெரிக்காவுல ஆயிரத்தைந்நூறு கேக்கானாமே, இங்க மட்டும் எப்படி இருநூறு போதும்?” என்பார் பக்கத்தில் இருப்பவர். இருவருமே எத்தனை மணி நேரம் என்று பார்க்கிறார்கள். அது எந்த மாதிரி மணி நேரம் என்று பார்ப்பதில்லை. வயலை விற்றும் நகையை அடகு வைத்தும் புரட்டிய பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

200 என்பது ஒற்றை எண் அல்ல

இந்தியாவில் வணிக விமானி உரிமமான சிபிஎல் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குள் சில உள்கணக்குகள் உண்டு. குறைந்தது 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு விமானியாக, அதாவது பிஐசியாக ஓட்டியிருக்க வேண்டும். அதில் 15 மணி நேரம் விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வர வேண்டும். ஊர் விட்டு ஊர் போகும் கிராஸ் கன்ட்ரி பயணம் பிஐசியாக 20 மணி நேரம் வேண்டும். அதில் ஒன்று 300 கடல் மைலுக்குக் குறையாமல், இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி முழுதாக நின்று ஏறியதாக இருக்க வேண்டும். 300 கடல் மைல் என்பது தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டுத் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். இரவில் 5 மணி நேரம், அதோடு பத்து ஏற்றமும் பத்து இறக்கமும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது 10 மணி நேரம்.

மாணவர் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில். சிபிஎல் மட்டும் கையில் இருந்தால் ஏர்லைன் எடுக்காது. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் வேண்டும், அதன் கணக்கே வேறு. அதற்கு பிஐசி கிராஸ் கன்ட்ரி 50 மணி நேரம், கருவி ஓட்டம் 40 மணி நேரம். அந்த 40-இல் சிமுலேட்டரில் செய்ததாக 20-க்கு மேல் சேர்க்க முடியாது. சிபிஎல் கணக்கை மட்டும் வைத்து 20 மணி நேரக் கிராஸ் கன்ட்ரியோடு நிறுத்தியவர், மீதி 30-க்குத் திரும்பவும் விமான வாடகை கட்ட வேண்டிவரும். பள்ளியில் சேரும்போதே சிபிஎல், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், இரட்டை எஞ்சின் பயிற்சி மூன்றையும் சேர்த்து, எந்தப் பறப்பு எதில் கணக்காகும் என்று ஓர் அட்டவணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுக்கும் பள்ளியில் பணம் கட்ட வேண்டாம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், ஏஜென்டின் வாய்க்கணக்கை நம்பாமல், உரிமம் தரும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் இணையதளத்திலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆறு மாதக் கெடு இன்னொரு கண்ணி. மழைக்காலத்தில் பள்ளி மூடியிருக்கும், விமானம் பழுதில் நிற்கும், தேர்வு முடிவு தாமதமாகும். மொத்தம் 200 தாண்டியிருக்கும், ஆனால் கடைசி ஆறு மாதத்தில் 15 இருக்காது. இரவுப் பறப்பின் ஏற்ற இறக்கங்களுக்கும் இதே ஆறு மாதக் கெடுதான். எனவே இவற்றைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே முடித்துத் தள்ளாமல், கடைசிக் கட்டத்துக்கு என்று எடுத்து வைப்பதுதான் புத்தி.

1.3 என்றால் ஒரு மணி முப்பது நிமிடம் அல்ல

பறப்பு நேரத்தை எழுதிவைக்கும் லாக்புக்கில் வரும் பிழைகளில் அதிகம் வலிப்பது இது. அமெரிக்கப் பயிற்சி விமானங்களில் உள்ள ஹாப்ஸ் மீட்டர் நேரத்தைப் பத்தில் ஒரு பங்காகக் காட்டும். 1.3 என்று காட்டினால் அது 1 மணி 18 நிமிடம். அங்கே படித்துவிட்டு ஊருக்கு வந்து, இந்திய உரிமமாக மாற்ற விண்ணப்பிக்கும்போது அதை 1:30 என்று எழுதினால், ஒரே வரியில் 12 நிமிடம் கூடிவிடும். இப்படி நூறு பறப்பு எழுதினால் 20 மணி நேரம் காற்றில் முளைத்துவிடும். பரிசோதிப்பவர் திருத்திக் கூட்டும்போது 200 என்று நினைத்தது 180 ஆகிவிடும். தவறாக எழுதியதா, வேண்டுமென்றே ஏற்றியதா என்று விளக்கம் சொல்லும் நிலையும் வரும். போலி மதிப்பெண் பட்டியல், போலிப் பறப்பு நேரம் தொடர்பாக 2011-இல் நடந்த கைதுகளுக்குப் பிறகு இந்த விஷயத்தில் யாரும் சலுகை காட்ட மாட்டார்கள்.

அன்றன்றைக்கே எழுதுங்கள். விமானம் தன் விசையில் நகரத் தொடங்கிய நேரம், பறப்பு முடிந்து நின்ற நேரம், பதிவெண், புறப்பட்ட இடம், இறங்கிய இடம், பயிற்சியாளர் கையெழுத்து. பயிற்சியாளர் உடன் இருந்த நேரத்தை பிஐசி பத்தியில் எழுதக் கூடாது. தரையில் நிற்கும் சிமுலேட்டரின் நேரம் தனிப் பத்தியில் போக வேண்டும், மொத்தப் பறப்பில் சேரக் கூடாது. பக்கம் முடிந்ததும் கூட்டல் போட்டு, அடுத்த பக்கத்துக்கு எடுத்துப் போன எண்ணை இன்னொருவரை விட்டுச் சரிபார்ப்பது பின்னால் மாதக்கணக்கில் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அமெரிக்காவின் 1,500 எங்கிருந்து வந்தது?

2009 பிப்ரவரி 12 இரவு, கோல்கன் ஏர் 3407 என்ற டர்போபிராப் விமானம் பஃபலோ அருகே ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) எச்சரிக்கையில் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்தபோது, மூக்கைத் தாழ்த்த வேண்டிய கேப்டன் தன் பக்கம் இழுத்தார். அடுத்த ஆண்டு சட்டம் வந்தது. 2013 ஆகஸ்டிலிருந்து அங்கே துணை விமானிக்கும் ஏர்லைன் விமானிக்கான உயர்நிலை உரிமமான ஏடிபி கட்டாயம், பொதுவாக 1,500 மணி நேரம். ராணுவ விமானிக்கு 750, விமானவியல் பட்டதாரிக்கு 1,000 என்று தளர்வு உண்டு.

ஆனால் அந்தக் கேப்டனிடம் 3,379 மணி நேரமும், துணை விமானியிடம் 2,244 மணி நேரமும் இருந்தன. இரண்டுமே 1,500-ஐத் தாண்டியவை. ஆக, அந்த விபத்தை இந்த எண் தடுத்திருக்காது என்று சொல்வதில் தப்பில்லை. ஐரோப்பாவும் நம் நாடும் ஏறக்குறைய 200 மணி நேரத்தில் ஆளை எடுத்து, அதற்குப் பிந்தைய பயிற்சியை இறுக்குகின்றன. இந்தியாவில் 1,500 என்பது அதே உயர்நிலை உரிமமான ஏடிபிஎல்லுக்கு, அதாவது கேப்டன் ஆவதற்கான படி. துணை விமானியாகச் சேர அது தேவையில்லை. “இங்கே யாரும் எடுக்க மாட்டான், அமெரிக்காவிலேயே 1,500 வரைக்கும் ஓட்டிட்டு வா” என்று மகனை அனுப்பிவைப்பது பணத்தைத் தண்ணீரில் கரைப்பது மாதிரி.

அதற்காக 200-இல் எல்லாம் வந்துவிடும் என்றும் இல்லை. பயிற்சி விமானமான செஸ்னா 172 இறங்கும்போது சுமார் 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) வேகம். பயணிகள் விமானமான ஏர்பஸ் ஏ320 ஏறக்குறைய 135. ஓடுபாதைக்குப் பத்துக் கடல் மைல் இருக்கும்போது, செஸ்னாவில் யோசிக்க ஒன்பது நிமிடம் கிடைக்கும். ஏ320-இல் நாலரைதான். அதற்குள் சரிபார்ப்புப் பட்டியல், ரேடியோ, ஃபிளாப், சக்கரம், எதிரே மழை. காலை ஆறு மணிக் காற்றில்லாத நேரத்தில், ஒரே ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றிச் சேர்த்த மணிகள் இங்கே கைகொடுக்காது. ஆனி, ஆடியில் முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட பக்கக் காற்றில், பயிற்சியாளருடன், செஸ்னாவின் கையேடு சொல்லும் 15 நாட் அளவுக்கு உள்ளேயே வேண்டுமென்றே பழகிய ஐந்து மணி நேரம், அமைதியான ஐம்பதைவிட மேல் என்பது எங்கள் கருத்து.

வாய் திறந்து சொல்லும் துணை விமானி

மங்களூரு, 2010 மே 22, தரையிறங்கும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். கேப்டன் உயரமாகவும் வேகமாகவும் வந்துகொண்டிருந்தார். துணை விமானி ‘கோ அரவுண்ட்’ (இறங்காமல் மறுபடி மேலேறு) என்று திரும்பத் திரும்பச் சொன்னது பதிவில் இருக்கிறது. கேப்டன் கேட்கவில்லை, 158 பேர் இறந்தார்கள். மூத்தவரை எதிர்த்துப் பேசாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது கடினமான பாடம். பெயரை மட்டும் கூப்பிட்டுத் தயங்காமல், “கேப்டன், வேகம் கூட இருக்கு, அன்ஸ்டேபிள், கோ அரவுண்ட்” என்று குறையையும் செய்ய வேண்டியதையும் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும். மணிக்கணக்கு இதைச் சொல்லித் தராது. நேர்முகத்திலும் சிமுலேட்டர் சோதனையிலும் இதைத்தான் கவனிக்கிறார்கள்.

டைப் ரேட்டிங்: அவசரப்படாதீர்கள்

வேலை கையில் இல்லாமல் பல லட்சம் கட்டி ஏ320 டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி) எடுப்பது நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு. அழைப்பு வருவதற்குள் ஓராண்டு போனால் பழக்கம் போய்விடும், சிமுலேட்டர் சோதனைக்கு மறுபடி செலவு. இந்த வகையைத்தான் கேட்பார்கள் என்றும் உறுதியில்லை. விசிறி வைத்த பயணிகள் விமானமான ஏடிஆரை ‘சின்ன விமானம்’ என்று தள்ளுவதும் அர்த்தமில்லாதது. தூத்துக்குடி விமான நிலையமான வாகைக்குளத்தின் ஓடுபாதை 1,350 மீட்டராக இருந்தவரை ஏடிஆர் மாதிரி விமானங்கள்தான் நம்மைச் சென்னைக்குச் சுமந்தன. இப்போது அது 3,115 மீட்டர், பெரிய விமானங்களுக்கும் இடம் உண்டு. குறுகிய தூரங்களில் ஒரே நாளில் நாலைந்து முறை ஏறி இறங்கும் ஏடிஆர் துணை விமானிக்குக் கைப்பழக்கம் சீக்கிரம் வரும்.

வேலையில் சேர்ந்த பிறகும் நேராக வலது இருக்கை கிடைத்துவிடாது. சிமுலேட்டர், பயணிகள் இல்லாத விமானத்தில் ஏற்ற இறக்கம், பின்னிருக்கையில் பார்வைப் பறப்பு, பயிற்சிக் கேப்டனோடு மேற்பார்வைப் பறப்பு, கடைசியில் விடுவிப்புச் சோதனை என்று மாதக்கணக்கில் ஆகும். தொடக்கப் பறப்புகளில் பின்னால் ஒரு பாதுகாப்பு விமானியும் உட்கார்ந்திருப்பார். மோசமான வானிலையில் தரையிறக்குவது கேப்டன் வேலை. அதுவரை வீட்டுக்கடன் தவணை ஓடும் என்பதால், படிப்புச் செலவோடு குறைந்தது ஓராண்டுக் காத்திருப்புக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள். உடற்தகுதி முதல் வகுப்புச் சான்று வாங்காமல் முதல் தவணையே கட்டக் கூடாது. கண்ணிலோ இதயத்திலோ குறை தெரிவது 150-வது மணி நேரத்தில் என்றால், போன பணம் திரும்பாது.