புதிய ரயில் பாதைக்கு முன்: கரிசல் நிலத்தில் தாவரக் கணக்கெடுப்பு செய்யும் முறை

ரயில் பாதைத் திட்டங்கள் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் இல்லை. காட்டு நிலம் குறுக்கிட்டால் 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும், அதற்காக மரங்களை எண்ணுவார்கள். பட்டா நிலம் என்றால் இழப்பீட்டுக்காக எண்ணுவார்கள். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் பாதை போன்றவை கடக்கும் கரிசல் பூமிக்கு இந்த மர எண்ணிக்கை போதவே போதாது. அங்கே தாவர வளத்தில் பெரும்பங்கு புல், கிழங்கு, கொடி, முட்புதர்தான். அவற்றையும் சேர்த்துக் கணக்கெடுக்க விரும்புகிறவர்களுக்கு இந்த வழிமுறை.

எப்போது போவது

வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பிடித்து மூன்று நான்கு வாரம் கழித்து முதல் நடை. நவம்பர் கடைசி முதல் ஜனவரி வரை பொருத்தமான காலம். செங்காந்தள் கொடி அப்போதுதான் வேலியில் தெரியும், பிறகு மண்ணுக்கு மேல் காய்ந்து போய்விடும். இரண்டாவது நடை மார்ச், ஏப்ரலில். நரிவெங்காயம் இலையே இல்லாமல் பூத்தண்டை மட்டும் நீட்டி நிற்பது கோடையில்தான். மே மாதம் ஒரே ஒரு தடவை போய்வந்து எழுதிய பட்டியலில் இருபது மரப் பெயர்களும் 'காய்ந்த புல்' என்ற வரியும்தான் இருக்கும். அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

இன்னொரு கெடுவும் உண்டு. பாதை எந்த வழியே போகும் என்பதை இறுதியாக முடிவு செய்யும் ஃபைனல் லொகேஷன் சர்வே முடிவதற்குள் உங்கள் அறிக்கை பொறியாளர் கையில் இருக்க வேண்டும். ரயில் பாதை சாலை மாதிரி சட்டென்று வளையாது. ஓரிடத்தில் 30 மீட்டர் நகர்த்த வேண்டுமானால் முன்னும் பின்னுமாக ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பாதையை மாற்றி வரைய வேண்டிவரும். எல்லைக்கல் நட்ட பிறகு யாரும் அதைச் செய்யமாட்டார்கள்.

எவ்வளவு அகலம்

பாதையின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 100 மீட்டர் பாருங்கள். ஓடை, கண்மாய் வரத்துக்கால் குறுக்கிடும் இடங்களில் மேலும் கீழும் 300 மீட்டர் வரை நடக்க வேண்டும். ரயில் பாதைக்கான மண்கரை எழும்பினால் ஒரு பக்கம் தண்ணீர் தேங்கும், மறுபக்கம் வறளும். இரண்டுமே அங்குள்ள செடிகளை மாற்றிவிடும்.

பலரும் கோட்டைவிடுவது மண் எடுக்கும் இடங்களை. கரிசல் மண் ஈரத்தில் உப்பி, வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், கரை போட ஆகாது. ஆகவே சரளையும் செம்மண்ணும் வேறெங்கிருந்தோ லாரியில் வரும். அந்தச் சரளை மேட்டுத் தாவரங்கள் கரிசல் தாவரங்களிலிருந்து முற்றிலும் வேறு. மண் குவாரி, ஜல்லி கொட்டும் களம், தொழிலாளர் குடியிருப்பு, தற்காலிக லாரிப் பாதை எல்லாவற்றின் இருப்பிடத்தையும் முன்கூட்டியே கேட்டு வாங்கி, அங்கேயும் போய்ப் பாருங்கள்.

கட்டம் போடுதல்

மூன்று பேர், 50 மீட்டர் நாடா, கயிறு, முளைக்குச்சி, கைபேசியில் இணையமில்லாமல் இயங்கும் வரைபடம். நிலம் ஒரே சீராக இருந்தால் 500 மீட்டருக்கு ஓர் இடம். நில அமைப்பு மாறும் ஒவ்வோர் இடத்திலும் கூடுதலாக ஒன்று. மரத்துக்கு 10×10 மீட்டர், அதற்குள் எதிரெதிர் மூலைகளில் புதருக்கு 5×5 இரண்டு, செடி புல்லுக்கு 1×1 ஐந்து. கட்டத்துக்கு நல்ல இடமாகத் தேடாதீர்கள். எத்தனையாவது மீட்டரில் என்பதை முன்பே முடிவு செய்து அந்த இடத்திலேயே போடுங்கள், இல்லாவிட்டால் நிழலும் பூவும் உள்ள பக்கமே கால் போகும். கடைசி ஐந்தாறு கட்டங்களில் புது இனம் எதுவும் வராதபோது அந்த வகை நிலத்துக்கு அளவு போதும்.

மரத்தின் சுற்றளவை 1.37 மீட்டர் உயரத்தில் எடுக்க வேண்டும். உடைமரம் பெரும்பாலும் அதற்குக் கீழேயே கவைபட்டு நிற்கும். ஒவ்வொரு கவையையும் தனித்தனியே அளந்து ஒரே மரமாகப் பதியுங்கள், இல்லையென்றால் புதர்க் கணக்கில் போய் விழும். பனை பருப்பதில்லை, உயர வகுப்பாக எழுதி, வடலிகளை, அதாவது இளம்பனைகளை, தனியே எண்ணுங்கள்.

பெயரில் விழும் பிழை

பட்டியலில் வெறுமனே 'வேலமரம்' என்று எழுதுவது பெருங்கேடு. குடை விரித்த தலை, நீண்ட வெள்ளை முள்ளோடு குட்டை வளைமுள்ளும் கலந்து, சுருண்ட காய் என்றால் உடை. வெளிறிய பட்டையும் கொத்துக் கொத்தாக வெளிர்மஞ்சள் பூவுமென்றால் வெள்வேல். மணிமாலை போல் இடை இறுகிய காய் கருவேலம். பூ உருண்டையாக இல்லாமல் கதிராக நீண்டிருந்தால் அது சீமைக்கருவேலம், வெளிநாட்டு வரவு. பூவும் காயும் பார்க்காமல் எழுதினால் கடைசி வகை மற்ற மூன்றின் கணக்கில் ஏறிவிடும்.

'சீமைக்கருவேலங்காடு' என்று வரைபடத்தில் குறித்த இடத்தையும் விட்டுவிடாதீர்கள். அதன் ஓரத்தில் சங்கஞ்செடிப் புதரை மெல்ல விலக்கிப் பாருங்கள். ஆடு வாய்வைக்க முடியாத முள்ளுக்குள், விரல் தடிமனில் இலையற்ற நாற்கோணத் தண்டாகக் கள்ளிமுளையான் நிற்கக்கூடும். நின்றபடி பார்த்தால் தெரியாது, குனிய வேண்டும்.

ஊர்ப் பெயரை ஆடு மேய்ப்பவர்களிடமும் மூலிகை பறிப்பவர்களிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதோடு மாதிரியும் எடுக்க வேண்டும். புல் என்றால் வேரோடு. செய்தித்தாளில் அழுத்தி, முதல் நான்கைந்து நாள் தினமும் தாளை மாற்றுங்கள், மழைக்கால ஈரத்தில் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். கள்ளி, கள்ளிமுளையான் போன்ற சதைப்பற்றுள்ளவற்றை அழுத்துமுன் கொதிநீரில் முக்கி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தாளுக்குள் வாரக்கணக்கில் உயிரோடு கிடந்து பூவை உதிர்த்துவிடும். சந்தேகமானவற்றைக் கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தெற்கு மண்டல உலர்தாவரகத்திலோ (உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடம்), திருச்சி ராபினட் உலர்தாவரகத்திலோ ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அறிக்கை

பொறியாளர் தாவரப் பெயர்ப் பட்டியலைப் புரட்டமாட்டார். அவர் மொழி செயினேஜ், அதாவது பாதையின் தொடக்கத்திலிருந்து அளந்த தூரம். எந்த மீட்டரிலிருந்து எந்த மீட்டர் வரை, இடமா வலமா, நடுக்கோட்டிலிருந்து எத்தனை மீட்டர், என்ன இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று ஐந்தே நெடுவரிசையில் அட்டவணை கொடுங்கள். கைபேசி ஜிபிஎஸ் ஐந்து பத்து மீட்டர் தள்ளிக் காட்டும், எல்லைக்கு அருகில் உள்ளவற்றை நாடாவால் அளந்து எழுதுங்கள்.

கோரிக்கை திட்டவட்டமாக இருக்கட்டும்: இந்த ஓடையில் இன்னொரு சிறுபாலம், லாரிப் பாதையை மேட்டின் மறுபக்கம் மாற்றுதல், ஜேசிபி வருமுன் இந்தப் புதர்த் திட்டைச் சுற்றி வேலி. மேல்மண் 15 முதல் 20 செ.மீ. வரை தனியே வழித்து, ஒன்றரை மீட்டருக்கு மேல் உயராமல் குவித்து, அடுத்த மழைக்குள் சரிவில் பரப்பச் சொல்லுங்கள். அதிக உயரம் குவித்தால் அடியிலுள்ள விதைகள் செத்துவிடும். பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் நிற்கும் இடத்து மண்ணை மட்டும் அப்படிப் பரப்பக் கூடாது, பாதை நெடுக விதைத்ததாகிவிடும்.

வேலை எல்லைக்கு வெளியே நான்கைந்து கட்டங்களின் மூலைகளில் கல் நட்டு வையுங்கள். கரை எழும்பி இரண்டு மழைக்காலம் போன பின் அதே கட்டங்களை எண்ணினால், தண்ணீர் எந்தப் பக்கம் வராமல் நின்றுபோயிற்று என்பது புற்களிலேயே தெரியும். சிறுபாலத்தைச் சரிசெய்யக் கேட்பதற்கு அந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும்.