கணினியில் பாட்டுச் செயலி திறக்காதபோது செய்ய வேண்டியவை

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த நாட்களில், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் வீட்டுக் கணினியை வெள்ளத்துக்கு அஞ்சி மாடி அறைக்குக் கொண்டு போய் வைத்திருந்தோம். மூன்று வாரம் கழித்துக் கீழே இறக்கி மின் இணைப்பு கொடுத்தபோது கணினி வழக்கம்போல எழுந்தது. அப்பா தினமும் காலையில் தேவாரம் கேட்கும் பாட்டுச் செயலி மட்டும் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. இரண்டு முறை அதை நீக்கி மறுபடி நிறுவினேன். பதிவிறக்கி வைத்திருந்த பாடல்கள் எல்லாம் போனதுதான் மிச்சம். கோளாறு செயலியில் இல்லை, கணினியின் தேதியில் இருந்தது. ஆகவே செயலியை நீக்குவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் விண்டோஸ் திரையின் வலது கீழ் மூலையில் தேதியையும் ஆண்டையும் பாருங்கள். செயலி தன் சர்வரோடு, அதாவது பாடல்களை அனுப்பும் நிறுவனத்தின் கணினியோடு, பேசத் தொடங்கும்போது சர்வர் ஒரு பாதுகாப்புச் சான்றிதழைக் காட்டும். அந்தச் சான்றிதழ் எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்பது அதிலேயே குறிக்கப்பட்டிருப்பதால், கணினியின் தேதி அந்த வரம்புக்கு வெளியே இருந்தால் இணைப்பு மறுக்கப்படும். பிரவுசர் இதை ஓர் எச்சரிக்கையாகவாவது சொல்லும். செயலிகளோ பெரும்பாலும் ஒன்றும் சொல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதிக்குச் சென்று தேதியை முதலில் கையால் திருத்திவிட்டு, அதன் பிறகு 'சிங்க் நவ்' பொத்தானை அழுத்துங்கள். வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால் விண்டோஸ் தானாகத் திருத்த மறுப்பதுண்டு.

மறுநாளும் தேதி பின்னோக்கிப் போனால் கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். மின் இணைப்பு இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருப்பது சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. 20 என்பது மில்லிமீட்டரில் அதன் விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். மின் இணைப்பை முழுவதும் கழற்றிய பின்பே அதை மாற்ற வேண்டும். கடற்காற்று படும் ஊர் என்பதால், பேட்டரி உட்காரும் இடத்தில் உப்புப் பூத்திருக்கிறதா என்பதையும் பார்த்து, உலர்ந்த துணியால் மென்மையாகத் துடைத்துவிடுங்கள். மடிக்கணினியாக இருந்தால் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

தேதி சரியாக இருந்தும் செயலி திறக்கவில்லை என்றால், அதே கணக்கைப் பிரவுசரில் திறந்து பாருங்கள். பிரவுசரிலும் பாடவில்லை என்றால், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்துப் பார்க்க வேண்டும். அதில் பாடினால் குற்றம் வீட்டு மோடத்திலோ இணைய இணைப்பிலோ இருக்கிறது, மோடத்தை ஒரு நிமிடம் அணைத்துவிட்டுப் போடுங்கள். பிரவுசரில் பாடி, செயலியில் மட்டும் பாடவில்லை என்றால், இணைய இணைப்பை வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன், புராக்ஸி இவற்றை அணைத்து, எந்தச் செயலி இணையத்தோடு பேசலாம் என்று தீர்மானிக்கும் பயர்வாலில் அந்தச் செயலிக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயலியின் பெயரில் உள்ள அனைத்தையும் 'எண்ட் டாஸ்க்' கொடுத்து நிறுத்துங்கள். சன்னலை மூடினாலும் சில செயலிகள் பின்னணியில் உயிரோடு இருக்கும். பழைய பிரதி பாதியில் சிக்கிக்கொண்டிருந்தால் புதியது எழாது.

அடுத்தது கேஷ், அதாவது செயலி தன் வசதிக்காகக் கணினியில் சேமித்து வைக்கும் தற்காலிகக் கோப்புகள். உதாரணமாக, ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலியை அதன் தளத்திலிருந்து நிறுவியிருந்தால், 'ஆப்டேட்டா' கோப்புறைக்குள் 'லோக்கல்', அதற்குள் 'ஸ்பாட்டிஃபை' என்று தேடிச் செல்லலாம். அந்தக் கோப்புறையை அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றிவையுங்கள். செயலி புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், பயன் இல்லையென்றால் பழைய பெயரையே திரும்பக் கொடுத்துவிடலாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக நிறுவிய செயலி என்றால், செட்டிங்ஸில் அதன் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் 'ரிப்பேர்' முதலில், 'ரீசெட்' பிறகு. முன்னது தரவைத் தொடாது, பின்னது துடைத்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் திறக்காவிட்டால் மட்டும் செயலியை நீக்கி நிறுவுங்கள். பாடல் பட்டியல்கள் நிறுவனத்தின் சர்வரில் இருப்பதால் உள்நுழைந்ததும் திரும்பி வந்துவிடும். பதிவிறக்கிய பாடல்களை மட்டும் மீண்டும் இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.