சுமைச்சட்டத்தின் கட்டுகள் தளர்ந்தபோது

முதுகில் சுமக்கும் மரச்சட்டம் ஒன்றை ஆணியே இல்லாமல், கயிற்றுக் கட்டுகளால் மட்டும் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பெரம்பூரில் சாரத்துக்குச் சவுக்குக் கழி விற்கும் கடையில், கட்டைவிரல் பருமனில் ஈரம் காயாத கழிகளை வாங்கி, சணல் கயிற்றால் நீள்சதுரமாகக் கட்டினேன். சில வாரங்களில் கழிகள் காய்ந்து சுருங்கின. 8 கிலோ சுமையுடன் பரங்கிமலைப் படிகளில் ஏறியபோது, சட்டம் ஒருபக்கமாகச் சரிந்து என் தோளை அறுத்தது.

பிழைகள் இரண்டு. ஈரக் கழி காயும்போது மெலிவதால், எவ்வளவு இறுக்கிய கட்டும் தளர்ந்துவிடும். நான்கு மூலைச் சட்டமோ மூட்டு சற்று நெகிழ்ந்தாலே கோணிக்கொள்ளும், முக்கோணம் அப்படிக் கோணாது. எனவே, மொட்டைமாடி நிழலில் 2 மாதம் உலர்த்திய கழிகளைக் கொண்டு, அடி அகன்றும் உச்சியில் இரு கழிகள் குறுக்காகச் சேர்ந்தும் இருக்குமாறு முக்கோணமாக அமைத்தேன். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு கழியில் கிளவ் ஹிட்ச் (கழியை இருமுறை சுற்றி, நுனியைக் கடைசிச் சுற்றின் அடியில் செருகும் முடிச்சு) இட்டு, இரண்டையும் சேர்த்து 3 சுற்றுச் சுற்றியபின், கழிகளுக்கு இடையே கயிற்றை நுழைத்து, முன்சுற்றுகளையே நெரிக்கும்படி 2 சுற்று இழுத்தேன். இந்த இடைச்சுற்றுதான் கட்டின் உயிர். முதல் சட்டத்தில் அதை நான் போடவே இல்லை. கயிற்றின் நுனியை ஒரு குச்சியில் சுற்றிக்கொண்டு இழுத்தால், உள்ளங்கை அறுபடாமல் முழுப் பலமும் கட்டில் இறங்கும்.

அதே சுமையுடன் அதே படிகளில் மீண்டும் ஏறி இறங்கினேன். ஒரு கட்டும் நெகிழவில்லை.