நுரையீரல் இடையீட்டு மருத்துவத்தில் ஃபெல்லோஷிப்: தேர்ந்தெடுப்பதும் அந்த ஓராண்டைப் பயன்படுத்துவதும்

நெஞ்சக நோய் மருத்துவத்தில் மேற்படிப்பை முடித்த ஒருவர் இன்டர்வென்ஷனல் பல்மனாலஜியில், அதாவது மூச்சுவழிக்குள்ளும் நுரையீரல் உறைக்குள்ளும் கருவி செலுத்திச் செய்யும் மருத்துவத்தில், ஃபெல்லோஷிப் (சிறப்புப் பயிற்சி) சேர நினைக்கும்போது, ஒரு மையத்தில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்பதையே பெரும்பாலும் முதலில் விசாரிக்கிறார். ரோபோ இருக்கிறதா, கிரையோ (திசுவை உறையவைத்து எடுக்கும் கருவி) இருக்கிறதா, மூச்சுக்குழலில் வால்வு (ஒருவழி அடைப்பான்) போடுகிறார்களா என்ற கேள்விகள் இயல்பானவைதான். ஆனால் கருவிகள் சில ஆண்டுகளில் மாறிவிடும். யாருக்குச் செய்ய வேண்டும், யாருக்குச் செய்யக் கூடாது, செய்யும்போது இரத்தம் பீறிட்டால் அடுத்த அரை நிமிடத்தில் என்ன செய்வது என்ற தெளிவு மாறாமல் நிற்கும். இந்தத் தெளிவை எங்கே பெறலாம் என்று கேட்டபடியேதான் மையத்தைத் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சேரும் முன்பே கைவசம் இருக்க வேண்டியவை

முழுநேரப் பயிற்சி பொதுவாக ஓராண்டு நடைபெறுகிறது. அந்த ஓராண்டில் அடிப்படையையும் சேர்த்துக் கற்க நேரமிருக்காது. ஆகவே மூச்சுக்குழலுக்குள் செலுத்திப் பார்க்கும் கருவியான வளையும் பிராங்கோஸ்கோப்பைக் கையில் எடுத்தவுடன் ஒவ்வொரு கிளைக்குழலையும் அதன் பிரிவுப் பெயரோடு சொல்லிக்கொண்டே போகும் பழக்கம் முன்பே வந்திருக்க வேண்டும். சிடி படத்தில் ஒரு கட்டிக்குச் செல்லும் கிளைக்குழலைப் படம் படமாகத் தொடர்ந்து சென்று, அது எந்தப் பிரிவின் எந்தத் துணைக்கிளை என்று தாளில் வரைந்து பார்ப்பது நல்ல பயிற்சி. இதை மென்பொருள் செய்துகொடுத்துவிடும் என்று விட்டுவிடுபவர்கள், மென்பொருள் தவறாக வழிகாட்டும் நாளில் அதைக் கண்டுபிடிக்க இயலாமல் தவிப்பார்கள். மார்பு அல்ட்ராசவுண்ட் பார்ப்பது, தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுவழியைக் கையாள்வது, வடிகுழாய் வைப்பது ஆகியவையும் இந்த முன்தேவைகளில் அடங்கும்.

மையத்தை எடைபோடுதல்

2003இல் அமெரிக்க நெஞ்சக மருத்துவர் கல்லூரி ஒவ்வொரு செயல்முறைக்கும் மேற்பார்வையில் செய்ய வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையைப் பரிந்துரைத்தது. வளையும் பிராங்கோஸ்கோப்பிக்கு 100, ஈபஸ் எனப்படும் உட்குழல் அல்ட்ராசவுண்டுக்கு 50, விறைப்பான குழாயால் செய்யும் ரிஜிட் பிராங்கோஸ்கோப்பிக்கு 20, மூச்சுவழியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற குழாய் வைப்பதற்கு 20, நுரையீரல் உறைக்குள் பார்க்கும் மருத்துவத் தொராக்கோஸ்கோப்பிக்கு 20 என்பவை அவற்றுள் சில. மையத்தில் ஆண்டுக்கு எத்தனை நடக்கின்றன என்பதை இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒரே எண்ணிக்கையைக் கடந்த இருவரின் திறன் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், எண்ணை வாசற்படியாக மட்டுமே கொள்ள வேண்டும். மொத்த எண்ணிக்கையைவிடப் பெரிய கேள்வி, அந்த நேரத்தில் கருவி யார் கையில் இருக்கிறது என்பதுதான். ஒரே ஆண்டில் மூன்று ஃபெல்லோக்களும் அவர்களோடு பொதுப் பயிற்சி மாணவர்களும் இருந்தால், பெரிய மையத்தின் பெரிய எண்ணிக்கைகூடத் தலைக்குக் கொஞ்சமாகப் பிரிந்துபோகும்.

இதை விளம்பரத் தாளிலிருந்து அறிய முடியாது. முந்தைய ஆண்டு முடித்துச் சென்றவரிடம் தனியாகப் பேசி, எந்த மாதத்தில் முதல் ரிஜிட் கருவியைத் தாமாகச் செலுத்தினார், சிக்கல் வந்தபோது ஆசிரியர் கருவியை வாங்கிக்கொண்டாரா அல்லது அருகில் நின்று வழிநடத்தினாரா, இறப்பு மற்றும் சிக்கல்கள் குறித்த ஆய்வுக் கூட்டம் உண்மையில் நடக்கிறதா என்று கேட்பது நல்லது. ஆசிரியர் எத்தனை முறை ஒரு செயல்முறையை வேண்டாம் என்று தள்ளிவைத்தார் என்பதையும் கேளுங்கள். நெஞ்சக அறுவை நிபுணர், இரத்தக்குழாய் அடைக்கக்கூடிய கதிரியக்க நிபுணர், இந்தப் பணியில் பழகிய மயக்க மருந்து நிபுணர் ஆகியோர் அதே வளாகத்தில் இல்லாத மையத்தை, அங்கே எத்தனை நவீனக் கருவிகள் இருந்தாலும், நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஈபஸ்: வரிசையும் எல்லைகளும்

நீங்கள் அதிகம் செய்யப்போவது இதுவே என்பதால் முதல் மாதங்களை இதற்கே கொடுக்கலாம். ஈபஸ் கருவியின் கேமரா நேராகப் பார்க்காமல் முன்புறம் சாய்ந்து பார்ப்பதால், குரல்நாண்களைக் கடக்கும்போதே புதியவர்கள் தடுமாறுவார்கள். சிமுலேட்டரில் இதற்கு மட்டும் சில மணி நேரம் செலவிட்டுவிட்டு நோயாளியிடம் வருவது அவருக்குச் செய்யும் மரியாதை.

ஊசி குத்துவதைக் கற்றுக்கொள்வது எளிது. எந்த நிணநீர்க் கணுவை, எந்த வரிசையில் குத்துவது என்பதே கற்க வேண்டியது. புற்றுநோயின் நிலையை அறியும்போது எதிர்ப்பக்கக் கணுக்களில், அதாவது என்3 நிலையில், தொடங்கி, கட்டியுள்ள பக்கத்தின் நடுநெஞ்சுக் கணுக்களான என்2, பிறகு அதே பக்க நுரையீரலை ஒட்டிய என்1 என்று வர வேண்டும். வரிசையைத் தலைகீழாக்கினால், நோயுள்ள கணுவிலிருந்து ஊசியில் ஒட்டிய செல்கள் நோயில்லாத கணுவின் மாதிரியில் கலந்து, அறுவை சிகிச்சையால் குணமாகக்கூடிய ஒருவரை அதற்குத் தகுதியற்றவராக்கிவிடும். அதேபோல, கணுக்களின் இருப்பிடங்களுக்கு எண்ணிட்ட நிலையங்களில், வலது 4ஆம் நிலையத்துக்கும் இடது 4ஆம் நிலையத்துக்கும் இடையிலான எல்லை மூச்சுப்பெருங்குழலின் நடுக்கோடு அல்ல, அதன் இடது விளிம்பு. பெருங்குழலுக்கு முன்னால் நடுவில் இருக்கும் கணு வலப்பக்கத்தைச் சேர்ந்தது. அசைகோஸ் சிரையின் கீழ்விளிம்பு வலது 4ஐயும் 10ஐயும் பிரிக்கிறது. இந்த எல்லைகளைத் திரையில் கண்டு உறுதிசெய்த பிறகே நிலைய எண்ணைக் குறிப்பில் எழுதுங்கள். 5, 6ஆம் நிலையங்களை வழக்கமான ஈபஸ் வழியாக எட்ட இயலாது என்பதை அறிந்து, அங்கே சந்தேகம் இருக்கும்போது அறுவை நிபுணரை முன்கூட்டியே அழைப்பதும் இதே திறனின் பகுதிதான்.

செல்லியல் ஆய்வகத்தில் சில நாட்கள் உட்கார்ந்து, உங்கள் மாதிரிகளையே நுண்நோக்கியில் பாருங்கள். நோயறிதலுக்குப் போதுமான மாதிரி, மரபணுச் சோதனைக்குப் போதாமல் போகலாம் என்பது அங்கே உட்கார்ந்தால்தான் உறைக்கும்.

ரிஜிட் பிராங்கோஸ்கோப்பி

1897இல் ஜெர்மனியின் குஸ்டாவ் கில்லியன் ஒருவரின் மூச்சுவழியில் சிக்கிய எலும்புத் துண்டை விறைப்பான குழாய் வழியே எடுத்தார். 1960களில் ஜப்பானின் ஷிகெட்டோ இகெடா வளையும் கருவியை உருவாக்கிய பிறகு, பழைய குழாய் பல இடங்களில் கைவிடப்பட்டது. ஆயினும் பெருங்குழலை அடைக்கும் கட்டி, கடும் இரத்தக்கசிவு, சிலிக்கோன் ஸ்டென்ட் ஆகிய மூன்றுக்கும் அதற்கு ஈடான மாற்று இன்றும் இல்லை. மூச்சுவழியைத் திறந்து வைத்துக்கொண்டே பெரிய உறிஞ்சியையும் இடுக்கியையும் உள்ளே செலுத்த அது ஒன்றே வழி தருகிறது. ஃபெல்லோஷிப்பில்தான் இதை முறையாகக் கற்க முடியும் என்பதால், கிடைக்கும் ஒரு வாய்ப்பையும் தவறவிடாதீர்கள்.

இங்கே மூச்சுவழி உங்களுக்கும் மயக்க மருந்து நிபுணருக்கும் பொதுவானது. தொடங்கும் முன் இருவரும் பேசி, ஜெட் காற்றோட்டமா (அழுத்தத்தோடு காற்றைப் பீச்சும் முறை) வேறு முறையா, ஆக்சிஜன் குறைந்தால் யார் என்ன செய்வது என்று முடிவுசெய்துகொள்ள வேண்டும். லேசர், மின்சூடு, ஆர்கான் போன்ற வெப்பக் கருவிகளை இயக்கும் முன், செலுத்தப்படும் ஆக்சிஜனின் செறிவு 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டதென்று வாய்விட்டுக் கேட்டு, பதில் வந்த பிறகே மிதிகட்டையில் கால் வையுங்கள். மூச்சுவழியில் தீப்பிடிப்பது அரிது. பிடித்தால் நோயாளி தப்புவது கடினம்.

இரத்தக்கசிவுக்கான ஒத்திகையை நோயாளி இல்லாதபோதே குழுவோடு நடத்திப் பாருங்கள். கசியும் பக்கம் கீழே வருமாறு திருப்புவது, நல்ல நுரையீரலைக் காப்பது, பலூனை வைப்பது, எந்த நொடியில் யாரை அழைப்பது ஆகியவை யோசிக்காமலே கை செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். கிரையோ பயாப்சி (உறையவைத்துத் திசு எடுப்பது) செய்யும் முன்பே பலூனைத் தயாராக நிறுத்திவைப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

ஸ்டென்ட் வைப்பது கற்க வேண்டிய திறன். அதை வைக்காமல் இருக்கத் தெரிவது அதைவிடப் பெரிய திறன். 2005இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், புற்றுநோயல்லாத சுருக்கங்களுக்கு உலோக ஸ்டென்ட் வைப்பது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. திசு உள்ளே வளர்ந்து மூடுவது, கம்பி உடைவது, எடுக்கும்போது சுவர் கிழிவது ஆகியவை அதற்குக் காரணம். வைத்த ஒவ்வொரு ஸ்டென்டுக்கும் மறுபரிசோதனை நாள், எடுக்கும் திட்டம் இரண்டையும் அன்றே எழுதிவையுங்கள்.

நுரையீரல் உறையும் புதிய கருவிகளும்

உறை சார்ந்த பணி வெளிச்சம் குறைந்தது, ஆனால் பயனாளிகள் ஏராளம். புற்றுநோயால் மீண்டும் மீண்டும் நீர் கோப்பவருக்கு, நுரையீரல் விரிகிறதா இல்லையா என்பதைப் பார்த்த பிறகே உறைகளை ஒட்டவைக்கும் டால்க் பொடியைத் தூவுவதா நிரந்தர வடிகுழாயா என்று தீர்மானிக்க வேண்டும். சீழ் கோத்த நெஞ்சுக்கு டிபிஏ (உறைந்ததைக் கரைக்கும் மருந்து), டிஎன்ஏஸ் (சீழை இளக்கும் மருந்து) இரண்டையும் சேர்த்துச் செலுத்தும் முறை 2011இல் வெளியான மிஸ்ட்2 ஆய்வின் வழியே வந்தது. தனித்தனியாகக் கொடுத்தபோது பலன் கிட்டவில்லை என்பதை அந்த ஆய்வை முழுதாகப் படித்து அறிந்துகொள்ளுங்கள்.

எம்பிசீமாவுக்கான (காற்றுப்பைகள் சிதைந்து நுரையீரல் உப்பிப்போகும் நோய்) வால்வு சிகிச்சையில் தேர்வே பாதி வேலை. நுரையீரல் மடல்களுக்கிடையே காற்று கசிந்து செல்லும் வழி இருந்தால் வால்வு பயன்தராது. 2018இல் வெளியான லிபரேட் ஆய்வில் வால்வு பெற்றவர்களில் நான்கில் ஒருவருக்கும் சற்று அதிகமானோருக்குக் காற்றுமார்பு (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்து அது சுருங்குவது) ஏற்பட்டது. ஆகவே வைத்தவுடன் வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் கண்காணிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துக் கற்க வேண்டும். ரோபோ, வழிகாட்டு பிராங்கோஸ்கோப்பி ஆகியவற்றில் மயக்கத்தின்போது நுரையீரல் சுருங்குவதால், முந்தைய சிடியில் இருந்த இடத்திலிருந்து கட்டி நகர்ந்திருக்கும். திரையில் கட்டியை அடைந்ததும் மாதிரியில் நோய் தெரிந்ததும் ஒன்றல்ல என்பதால், இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பதியுங்கள்.

பதிவேடும் கடைசி மாதங்களும்

லாக்புக்கில் (செயல்முறைப் பதிவேட்டில்) செயல்முறையின் பெயரோடு, ஏன் செய்தீர்கள், எவ்வளவு நேரம் கருவி உங்கள் கையில் இருந்தது, முடிவு என்ன, முப்பது நாட்களில் நோயாளி எப்படி இருந்தார் என்பதையும் எழுதுங்கள். செய்யாமல் விட்ட நோயாளிகளுக்கென்று தனிப் பக்கம் ஒன்றை ஒதுக்குங்கள். ஈபஸ் திறனை அளக்கும் ஈபஸ்-ஸ்டாட் போன்ற மதிப்பெண் படிவங்களால் மாதம் ஒருமுறை ஆசிரியரை மதிப்பிடச் சொன்னால், எங்கே தேங்கி நிற்கிறீர்கள் என்பது எண்ணாகத் தெரியும்.

கடைசி இரண்டு மாதங்களில், திரும்பிச் செல்லும் மருத்துவமனையில் தொடங்கும் பணியைத் திட்டமிடுங்கள். எந்த நாள் அறுவை அரங்கு கிடைக்கும், எந்தச் செவிலியர் இடுக்கிகளை அடையாளம் கண்டு கொடுப்பார், கருவிகளைக் கிருமி நீக்கம் செய்வது யார் என்பதையெல்லாம் பட்டியலிட்டு, ஈபஸையும் உறைப் பணியையும் முதலில் தொடங்குங்கள். அதே 2003 பரிந்துரை, ரிஜிட் திறனைத் தக்கவைக்க ஆண்டுக்கு 10 செய்ய வேண்டும் என்கிறது. அந்த அளவு நோயாளிகள் வரமாட்டார்கள் என்று தெரிந்தால், அவர்களை அனுப்பிவைக்க அருகிலுள்ள பெரிய மையத்தோடு ஊர் திரும்பும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.